பஃபேக்கு முன் ஐந்து நிமிடம்

சொகுசுக் கப்பலில் நண்பர்கள் பட்டாளத்துடன் முதல் நாள் எப்படிக் கழியும் என்பது தெரிந்ததுதான். அறையில் பெட்டியைப் போட்டதும் பஃபே தேடி ஓட்டம், நீச்சல் குளத்தருகே நாற்காலி பிடிக்கப் போட்டி, மேல்தளத்தில் குரூப் போட்டோ. அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கரகரக்கும்: பாதுகாப்புப் பயிற்சிக்கு எல்லோரும் வரவும். முகம் சுளிக்காதவர்கள் குறைவு.

2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் கோஸ்டா கான்கார்டியாவில் ஏறியவர்களுக்கு அந்தத் தொந்தரவு இருக்கவில்லை. பயிற்சி மறுநாள்தான். ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. இரவு 9.45 மணியளவில் ஜிக்லியோ தீவின் பாறையில் கப்பல் மோதியது. 4,200 பேருக்கு மேல் இருந்த கப்பலைக் கைவிடும் உத்தரவு வர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. பயணிகளும் ஊழியர்களுமாக 32 பேர் இறந்தனர். 2015 முதல் சர்வதேச விதி மாறியது: பயிற்சி புறப்படும் முன்பே, அல்லது புறப்பட்ட உடனே.

ஏழு முறை சுருக்கமாக, எட்டாவது நீளமாகச் சங்கு ஊதினால் அபாயம். எங்கே கூட வேண்டும் என்பது அறைக்குள்ளேயே ஒட்டப்பட்டிருக்கும். நண்பர் குழுக்களுக்கு இதில் ஒரு சிக்கல். வேறு வேறு தளங்களில் அறை எடுத்தால் கூடும் இடமும் வேறாகலாம். ஒருவரை ஒருவர் தேடி மாடிப்படியில் எதிரும் புதிருமாக ஓடுவதைவிட, அவரவர் இடத்துக்குப் போவதே உத்தமம். தலை எண்ணுவது அங்கேதான். இதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் பஃபே காலியாகிவிடாது.