கதவைத் திறக்குமுன்

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்ற விவாதம் பல நாடுகளில் நடைபெறுகிறது. நம் அண்டை நாடான தாய்லாந்தின் அனுபவம் இதில் கவனிக்கத்தக்கது.

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் தாய்லாந்து கஞ்சாச் செடியைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. மருத்துவம் வளரும், விவசாயிகளின் வருமானம் பெருகும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால், விற்பனையை முறைப்படுத்தும் முழுமையான சட்டம் அப்போது நிறைவேறவில்லை. நகரங்களில் கஞ்சாக் கடைகள் பெருகின. 2025இல், மருத்துவர் சீட்டின்றிக் கஞ்சாப் பூவை விற்கக்கூடாது என்று அரசு ஆணையிட்டது. அதற்குள் கடைகளில் முதலீடு செய்தவர்களும் பலர். போதைக்குப் பழகியவர்களும் பலர்.

ஆதரவாளர்களின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. இச்செடியின் நாரிலிருந்து கயிறும் துணியும் செய்யலாம். இதிலுள்ள ஒரு வேதிப்பொருள் சிலவகைக் கடுமையான வலிப்புநோய்க்கு மருந்தாகப் பயன்படுகிறது. எனினும், மருந்து வேறு; போதை வேறு. மருந்துக்கு அளவும் மருத்துவரின் கண்காணிப்பும் உண்டு. போதைக்கு அவை இல்லை. அதிலும், மூளை முழு வளர்ச்சி பெறாத இளையரின் நினைவாற்றலையும் கவனத்தையும் கஞ்சா பாதிக்கக்கூடும்.

ஆகவே, மருந்துக்குத் தரும் அனுமதி போதைக்கு உரிமமாகிவிடக் கூடாது என்பதே என் கருத்து. வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதால் பயனில்லை.