ஜாமீனோடு முடிவதில்லை வக்காலத்து

இணையக் குற்ற வழக்கு என்று இன்று நம் அலுவலகப் படியேறி வருகிறவர்களில் பலர், கோடிகளைச் சுருட்டிய கும்பலின் தலைவர்கள் அல்லர். சில ஆயிரம் ரூபாய் கமிஷனுக்காகத் தன் வங்கிக் கணக்கையும் சிம் கார்டையும் தெரிந்தவரிடம் கொடுத்த கல்லூரி மாணவர் வருகிறார். கணினி வேலை என்று நம்பிக் கம்போடியாவுக்குப் போய், மோசடிக் கூடத்தில் அடைபட்டுத் திரும்பிய இளைஞர் வருகிறார். எங்கோ ஒரு மாநிலத்தில் 1930 எண்ணில் பதிவான புகாரால் கணக்கு முடங்கிய பிறகே, தன் பெயரும் ஒரு வழக்கில் இருப்பதை அறிந்த கடைக்காரர் வருகிறார். குற்றம் செய்தவரும் இவர்களோடு சேர்ந்துதான் வருவார். யார் எவர் என்று பிரித்தறிவது நீதிமன்றத்தின் வேலை. அந்த வேலை பிசகாமல் நடக்க, மின்னணு ஆவணத்தைப் படிக்கத் தெரிந்த வழக்குரைஞர் ஒருவர் எதிரித் தரப்பில் நின்றாக வேண்டும்.

அப்படி நிற்கிறோமா? வக்காலத்து தாக்கல் செய்கிறோம், ஜாமீன் வாங்குகிறோம், நிபந்தனையைத் தளர்த்த மனுப் போடுகிறோம். அதன்பின் குற்றப்பத்திரிகை வரும்வரை கட்டு அலமாரியில் கிடக்கிறது. விசாரணையில் அழைப்பு விவரப் பட்டியலும் ஐபி பதிவுகளும் சான்றாவணமாகக் குறியிடப்படும்போது நாம் எழுந்து ஆட்சேபிப்பதில்லை. மின்னணு ஆவணத்துக்குரிய சான்றிதழ் இல்லை என்ற ஆட்சேபத்தைக் குறியிடும்போதே எழுப்ப வேண்டும், மேல்முறையீட்டில் முதன்முறையாகக் கிளப்ப முடியாது என்று சோனு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017இலேயே சொல்லிவிட்டது. அன்று நாம் காத்த மௌனத்துக்கு விலை கொடுப்பவர் கட்சிக்காரர்.

2007இல் பெங்களூரைச் சேர்ந்த மென்பொருள் பணியாளர் ஒருவரைப் புனே காவல்துறை கைது செய்தது. ஆர்குட்டில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் ஏற்றினார் என்பது குற்றச்சாட்டு. ஐம்பது நாள் அளவுக்கு அவர் சிறையில் இருந்தார். பிறகுதான் சேவை நிறுவனம் கொடுத்த ஐபி விவரமே தவறு என்று தெரிந்தது. அந்த ஒரு தாளை முதல் வாரமே கேட்டு வாங்கி, தேதியையும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் அவர் எப்போதோ வீடு திரும்பியிருக்கலாம்.

ஐபி முகவரி ஒரு இணைப்பைக் காட்டும், ஆளைக் காட்டாது. முகவரியிலிருந்து இணைப்புக்கும், இணைப்பிலிருந்து கருவிக்கும், கருவியிலிருந்து அதை இயக்கிய விரலுக்கும் அரசுத் தரப்பு கண்ணி கண்ணியாக நிரூபித்து வர வேண்டும். மொபைல் இணையத்தில் ஒரே பொது முகவரியை ஒரே நேரத்தில் பலர் பகிர்கிறார்கள். போர்ட் எண்ணும் நொடி பிசகாத நேரமும் இல்லாமல் அவர்களில் ஒருவரைத் தனித்துக் காட்ட இயலாது. வெளிநாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் யுடிசி நேரத்தில் பதிவுகளைத் தருகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் கூடுதல். அதை மாற்றாமல் கேட்டாலோ, முற்பகல் பிற்பகல் குழம்பினாலோ, பதில் கடிதத்தில் வேறொரு வீட்டின் முகவரி வந்து நிற்கும்.

இந்தக் கண்ணிகள்தான் வழக்கின் உயிர் என்பதைத் தமிழ்நாடு தொடக்கத்திலேயே கண்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் ஆரம்பகாலத் தண்டனைகளுள் ஒன்றைச் சென்னை எழும்பூர் நீதிமன்றம் 2004 நவம்பரில் வழங்கியது. வழக்குக்குக் காரணமான மின்னஞ்சல்களை வேறு யாராவது அனுப்பியிருக்கலாம் என்பதே எதிரித் தரப்பின் வாதம். இணைய மையம் நடத்தியவர்களின் சாட்சியமும் வல்லுநர் சாட்சியமும் அந்த இடைவெளியை அடைத்தன, தண்டனை விதிக்கப்பட்டது. கேள்வி சரியாகக் கேட்கப்பட்டது, பதிலும் சாட்சியத்தால் கிடைத்தது. முறையான விசாரணைக்கு அதுவே இலக்கணம்.

2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியம், பிரிவு 63இன் சான்றிதழை இரு பகுதிகளாக்கியிருக்கிறது. ஒன்றை ஆவணத்தைத் தாக்கல் செய்பவரும் மற்றதை வல்லுநரும் கையெழுத்திட வேண்டும், ஹேஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். மகஜரில் கைபேசியைக் கைப்பற்றிய நேரம் என்ன, அது எப்போது முத்திரையிடப்பட்டது, ஹேஷ் மதிப்பு முதலில் எடுக்கப்பட்டது எப்போது, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பிஎன்எஸ்எஸ்) பிரிவு 105 கேட்கும் ஒலி-ஒளிப் பதிவு எங்கே என்பவற்றை வரிசையாகக் கேளுங்கள். நகல் மறுக்கப்பட்டால் நடிகர் திலீப் வழக்கின் 2019 தீர்ப்பு கைகொடுக்கும். மெமரி கார்டின் உள்ளடக்கம் ஆவணமே, எதிரிக்கு அதன் குளோன் பிரதி பெற உரிமை உண்டு என்றது அது. பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கம் சம்பந்தப்பட்ட இடத்தில் பார்வையிட மட்டுமே அனுமதி என்ற வரம்பையும் அதுவே வகுத்தது. அந்த வரம்பை நாமும் மதிக்க வேண்டும்.

கைதுக் கட்டத்தில் சட்டப் பிரிவுகளைத் தனித்தனியே எடுத்துப் பாருங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி இரண்டும் மூன்றாண்டு வரையிலான தண்டனைக்குரியவை, பிரிவு 77பி-இன்படி ஜாமீனில் விடத்தக்கவை. கூடவே பாரதிய நியாய சன்ஹிதாவின் (பிஎன்எஸ்) 318(4) சேர்ந்ததும் நிலைமை மாறுகிறது. அப்போதும் அது ஏழாண்டு வரம்புக்குள் நிற்பதால் அர்னேஷ் குமார் தீர்ப்பும் பிஎன்எஸ்எஸ் பிரிவு 35(3) அறிவிப்பும் பொருந்தும். அந்த அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025இல் கூறியிருக்கிறது. அமைப்புசார் குற்றத்துக்கான பிஎன்எஸ் பிரிவு 111 சேர்க்கப்பட்டால், இயல்பு ஜாமீனுக்கான 60 நாள் 90 ஆகிவிடும். முந்தைய பத்தாண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை என்ற நிபந்தனை நிறைவேறியிருக்கிறதா என்று அன்றே கேட்காவிட்டால், முப்பது நாள் வீணாகும். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றத்தைப் புலனாய்வு செய்தவர் ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவர்தானா என்பதையும் பிரிவு 78 கேட்கச் சொல்கிறது.

தமிழ்நாட்டில் இன்னொரு கத்தியும் தலைக்கு மேல் தொங்குகிறது. குண்டர் சட்டம் என்று நாம் அழைக்கும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டத்தில் சைபர் சட்டக் குற்றவாளிகள் 2014இல் சேர்க்கப்பட்டார்கள். ஓராண்டு வரை விசாரணையின்றி அடைத்து வைக்கலாம். ரேகா வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவில் வையுங்கள். சிறையில் இருப்பவருக்கு ஜாமீன் மனு ஏதும் நிலுவையில் இல்லையென்றால், அவர் வெளியே வந்துவிடுவார் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லித் தடுப்புக் காவலில் வைக்க முடியாது. ஆகவே ஜாமீன் மனுவை எந்த நாளில் போடுவது என்பதே சில வழக்குகளில் பெரிய முடிவாகிறது. சிறைக்குப் போனதும் மனுப் போடுவோம் என்ற பழக்கம் அங்கே ஆபத்து.

கட்சிக்காரரோடு பேசும் முதல் மணி நேரத்தில் எதையும் அழிக்காதீர்கள் என்று சொல்லுங்கள். அழிப்பது பிஎன்எஸ் 238இன் கீழ்த் தனிக் குற்றம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஆன்லைன் விளையாட்டுப் பணம், வரிக்காகத்தான் கேட்கிறோம் என்று சொல்லி அந்த மாணவரிடம் கணக்கை வாங்கிய உரையாடல் அவர் கைபேசியில்தான் இருக்கிறது. பயத்தில் அழிக்கத் துடிக்கும் அதுவே, மோசடி என்று அறியாமல் கொடுத்தார் என்பதற்கு அவரிடம் உள்ள ஒரே சான்றாக இருக்கலாம். கடவுச்சொல்லைக் கேட்டால் தர வேண்டுமா என்பதில் சட்டம் இன்னும் திடப்படவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு வழி சொன்னது, மறுவழியும் நீதிமன்றங்களில் பேசப்படுகிறது. இந்த நிச்சயமின்மையை மறைக்காமல் அவரிடம் சொல்வதே நேர்மை.

கட்சிக்காரர் நம்மைத் தேடி வரும் வழியையும் எண்ணிப் பார்ப்போம். நாம் விளம்பரம் செய்யக் கூடாது. இணையத்தில் வழக்குரைஞர் சேவையை விற்பது பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கடுமையாகவே பேசியது. அது சரியான தீர்ப்பு. ஆனால் அதன் விளைவாக, பதறி ஓடிவரும் குடும்பத்துக்கு நம் திறமையைச் சோதித்தறிய வழியில்லை, அது யாரோ கைகாட்டிய அலுவலகத்துக்கு வந்துவிடுகிறது. எனவே அந்தச் சோதனையை நமக்கு நாமே நடத்திக்கொள்ளும் கடமை இருக்கிறது. ஆவணம் படிக்கத் தெரியாதென்றால், கட்டணம் பேசும் முன்பே அதைச் சொல்லி, தெரிந்த ஒருவரை உடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

குற்றச்சாட்டு அருவருப்பானது என்பதற்காக ஒதுங்கவும் கூடாது. ஓர் எதிரிக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்குரைஞர் சங்கங்கள் போடும் தீர்மானம் செல்லாது என்று, கோவையிலிருந்து எழுந்த முகமது ரஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. குழந்தைகளின் படம் தொடர்பான வழக்காயினும், பெண்களை மிரட்டிய வழக்காயினும் விதி அதுவே. ஆஜராகும்போது பாதிக்கப்பட்டவரை இழிவுபடுத்தாமல் வாதாடுவதும் அதே தொழிலின் விதி.

மாவட்ட வழக்குரைஞர் சங்கங்களிடம் இவ்விதழ் இரண்டு கோரிக்கைகளை வைக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது, தடயவியல் அறிந்தவர்களை அழைத்து ஐபி பதிவு, ஹேஷ் மதிப்பு, பிரிவு 63 சான்றிதழ் ஆகியவற்றை உண்மையான ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டு கற்றுத்தாருங்கள். ஒவ்வொரு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எதிரித் தரப்பு வழக்குரைஞர் அணியிலும் இதில் பயின்ற ஒருவராவது இருக்க வலியுறுத்துங்கள். கட்டணம் தர இயலாத அந்த மாணவருக்கும், வசதியுள்ளவருக்குக் கிடைக்கும் அதே தரத்தில் குறுக்கு விசாரணை கிடைக்க வேண்டும். அரசியல் சட்டம் 22(1)இல் வழக்குரைஞரைக் கலந்து தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையை அவருக்குத் தந்திருக்கிறது. அந்த உரிமை எந்த அளவுக்குப் பயன் தரும் என்பதை நம் படிப்பும் உழைப்பும்தான் முடிவு செய்யும்.