பஞ்சைக் கழுவிக் கொல்லாதீர்!

சில காலமாகச் சொல்ல நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த ஒன்றை இன்று எழுதிவிடுகிறேன். சிலருக்குக் கசக்கலாம், பொறுத்தருள வேண்டுகிறேன்.

நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மீன்தொட்டிகள் இருக்கின்றன. அலுவலக வாயிலில் ஒன்று, அறிவியல் மூலையில் ஒன்று. அவற்றில் நீந்துவன பல வேளைகளில் சிறு மீன்கள் அல்ல. ஆஸ்கார், லோஹான் போன்ற சிக்லிட் குடும்பத்துப் பெருமீன்கள். பெற்றோர் ஒருவர் அன்பளிப்பாகத் தருகிறார். தலைமையாசிரியர் நன்றி கூறிப் பெற்றுக்கொள்கிறார். படம் எடுக்கிறோம். பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய அந்த மீன் ஓராண்டுக்குள் செத்துப்போகிறது. அதை எவரும் படம் எடுப்பதில்லை.

ஏன் செத்தது என்று கேட்டால் நோய் என்பார்கள். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்பார்கள். நான் கண்டவரையில் அவற்றுள் பெரும்பாலானவை நம் தூய்மைப் பற்றினால் செத்தவை.

கண்காணிப்பு அதிகாரிகள் வருகிறார்கள் என்றாலோ பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நெருங்கினாலோ, அதற்கு முந்திய சனிக்கிழமை கோத்தோங் ரோயோங் நடக்கும். புல் வெட்டுவோம், கால்வாய் அள்ளுவோம், சன்னல் துடைப்போம். அந்த வேகம் குறையாமல் மீன்தொட்டிக்கும் வருவோம். மீன் வாளிக்குப் போகும். நீர் முழுவதும் வடிக்கப்படும். கூழாங்கற்கள் சோப்புத் தூளில் அலசப்படும். வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் பிடித்து, பழுப்பு நீர் நின்று தெளிந்த நீர் வரும் வரையில் கசக்கிப் பிழிவார்கள். திங்கட்கிழமை தொட்டி கண்ணாடிபோல் பளபளக்கும். புதன்கிழமை மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். அடுத்த வாரம் அது இராது.

ஆசிரிய அன்பர்களே, நீங்கள் பிழிந்து எறிந்த அந்தப் பழுப்பில்தான் வடிகட்டியின் உயிர் இருந்தது. பஞ்சு அதற்கு வெறும் வீடு.

மீன் தன் செவுள்வழியே அம்மோனியாவை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. தின்னாத உணவும் கழிவும் அழுகி மேலும் சேர்க்கின்றன. பஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் வழுவழுப்பாகப் படிந்து வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. முதலிரண்டும் நஞ்சு. நைட்ரைட் குருதியில் புகுந்தால், உயிர்வளியைச் சுமக்கும் அதன் ஆற்றல் கெடும், குருதி பழுப்பேறும், நீரில் உயிர்வளி இருந்தும் மீன் திணறும். நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று; வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றி அதைக் குறைத்துக்கொள்ளலாம். இஃதொன்றும் நேற்றைய கண்டுபிடிப்பன்று. இந்த நுண்ணுயிர்களைப் பற்றி வினோகிராட்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர் 1890லேயே எழுதிவிட்டார்.

குழாய்நீரில் குளோரின் எதற்காகச் சேர்க்கிறார்கள்? நுண்ணுயிர்களைக் கொல்வதற்காக. அதே நீரில் பஞ்சைக் கசக்கினால் அது தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். கொன்றதை மீண்டும் வளர்க்க நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை மீன் தன் கழிவிலேயே மூழ்கிக் கிடக்கவேண்டும். நீரை ஓர் இரவு வாளியில் வைத்துவிட்டால் குளோரின் போய்விடும் என்பார்கள். குளோரின் மட்டுமாயின் பெரும்பகுதி போகும். சிங்கப்பூரில் குடிநீரில் சேர்ப்பது குளோரமின்; அது ஓரிரவில் போகாது. அங்குள்ள அன்பர்கள் கடையில் மருந்து வாங்கும்போது குளோரமினையும் முறிக்கும் மருந்தா என்று பார்த்து வாங்கவேண்டும்.

சரியான முறையைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். தொட்டியிலிருந்தே ஒரு வாளி நீர் எடுங்கள். அதில் பஞ்சை இரண்டு மூன்று முறை அமுக்கி எடுங்கள். நீர் போகும் வழி திறந்தால் போதும். பஞ்சு வெண்மையாக வேண்டியதில்லை. பீங்கான் வளையங்களைச் சேறு அடைத்தாலொழியத் தொடவேண்டாம். குப்பையைப் பிடிக்கும் மெல்லிய வெள்ளைப் பஞ்சை மட்டும் தாராளமாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். நீரேற்றியின் சிறு சுழலியில் வழுவழுப்பு சேர்ந்தால் ஓட்டம் குறையும். அதைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடுங்கள். மீன் வாடியதும் நீலமருந்தைத் தொட்டிக்குள் ஊற்றுவதையும் நிறுத்துங்கள். மெத்திலின் நீலம் வடிகட்டியின் நுண்ணுயிர்களையும் சேர்த்தே தாக்கும்.

கழுவாமலே விட்டுவிடலாமா என்று கேட்பவர் உண்டு. கூடாது. மாதக்கணக்கில் நீர் மாற்றாத தொட்டியில் அமிலத்தன்மை ஏறிக்கொண்டே போகும். அமிலம் மிகுந்தால் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும், அம்மோனியா தேங்கும். ஆனால் அமில நீரில் அதன் பெரும்பகுதி அம்மோனியம் என்னும் தீங்கு குறைந்த வடிவில் இருப்பதால் மீன் எப்படியோ காலந்தள்ளும். அந்த நிலையில் ஒருவர் வந்து, பாதி நீரை வடித்துப் புதுக் குழாய்நீரை ஊற்றுகிறார். நீரின் பிஎச் அளவு சட்டென உயர்கிறது. பிஎச் ஓர் அலகு உயர்ந்தால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழ 10 மடங்காகும். நேற்றுவரை நீந்திய மீன் மாலைக்குள் கவிழ்ந்துவிடுகிறது. "நல்ல தண்ணீர் மாற்றினோம், அப்படியும் செத்துவிட்டதே!" என்று வியக்கிறோம். ஆண்டுக்கு இருமுறை பெருந்துப்புரவு செய்வதும் இடையில் எட்டிப் பாராததும் நம் பழக்கம். இப்படிக் கொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான பழக்கம் வேறில்லை.

அடுத்தது தொட்டியின் அளவு. நம் பள்ளிகளில் வைப்பது பெரும்பாலும் இரண்டடித் தொட்டி. இதை ஐந்தாம் ஆண்டு மாணாக்கரிடமே கணக்காகக் கொடுக்கலாம். நீளம் 2 அடி, அகலம் 1 அடி, உயரம் 1 அடி. ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 28.3 லிட்டர். விளிம்புவரை நிரப்பினாலும் 57 லிட்டருக்குள் அடங்கிவிடும். ஆஸ்கார் மீன் முழு வளர்ச்சியில் 30 சென்டிமீட்டரை எட்டும். அந்தத் தொட்டியின் அகலமும் 30 சென்டிமீட்டர். உடலை வளைக்காமல் அதனால் திரும்பவே முடியாது! ஒற்றை மீனுக்கே நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் வேண்டும், அதாவது ஏறக்குறைய 250 லிட்டர். தொட்டி நீர் முழுவதையும் மணிக்கு நான்கைந்து முறையாவது சுற்றிவிடும் வடிகட்டியும் வேண்டும். கடையில் அதை வாங்கும்போது அது விரலளவுதான் இருந்தது என்பது உண்மையே. நம்மிடம் முதலாம் ஆண்டில் வந்து சேரும் பிள்ளைக்கு ஆறாம் ஆண்டுவரை அதே சட்டையையா போடுகிறோம்?

லோஹானைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். அது இயற்கையில் எந்த ஆற்றிலும் தோன்றிய மீனன்று. நடு அமெரிக்க சிக்லிட்டுகளைக் கலந்து 1990களில் நம் மலேசியாவில்தான் அதை உருவாக்கினார்கள். நெற்றி புடைத்தால் செல்வம் என்றார்கள். விலாவின் கரும்புள்ளிகளில் நான்கு இலக்க எண்ணைத் தேடினார்கள். மோகம் தணிந்ததும் வேண்டாத மீன்களை ஆற்றிலும் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளிலும் கொண்டுபோய் விட்டார்கள். "கொல்லவில்லை, விடுதலை செய்தோம்" என்று இன்றும் சிலர் புண்ணியம் கட்டிக்கொள்கிறார்கள். அம்மீன் அங்கே நம் நாட்டுச் சிறுமீன்களையும் அவற்றின் முட்டைகளையும் தின்று வளர்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த பீகாக் பாஸ் என்னும் இன்னொரு பெருஞ்சிக்லிட் நம் சுரங்கக் குட்டைகளில் பெருகிக் கிடப்பதைத் தூண்டில்காரர் எவரும் சொல்வார்.

இனி விடுமுறை. மின்கட்டணத்தை மிச்சப்படுத்தவேண்டும் என்று நீண்ட விடுமுறையில் முதன்மை விசையையே அணைத்துவிட்டுப் போகிறார்கள். மீனுக்கு யார் தீனி போடுவார் என்று கவலைப்படுகிறோம். வளர்ந்த பெருமீன் ஒரு வாரம் தின்னாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. வடிகட்டி நின்றால்தான் ஆகும். ஓட்டம் நின்ற சில மணி நேரத்தில் பஞ்சுக்குள் உயிர்வளி தீர்ந்து, நுண்ணுயிர்கள் சாகத் தொடங்கும். பிறகு யாராவது வந்து விசையைப் போட்டால், மூடிய வடிகட்டிக்குள் அழுகிய நீர் அப்படியே தொட்டிக்குள் பாயும். ஒரு சிறு நீரேற்றி மாதம் முழுதும் ஓடினாலும் குளிர்சாதனம் ஒருநாள் தின்னும் மின்சாரத்துக்கு ஈடாகும் அளவே வரும். அதையா மிச்சம் பிடிப்பது?

"மீன்தானே ஐயா, இதற்கு ஏன் இத்தனை எழுத்து?" என்று ஒரு நண்பர் கேட்டார். காரணம் சொல்கிறேன். ஒரு பள்ளியில் ஆஸ்கார் வெள்ளிக்கிழமை செத்தது. பிள்ளைகள் வருந்துவார்களே என்று, ஞாயிற்றுக்கிழமையே அதே நிறத்தில் ஒன்றை வாங்கி விட்டுவிட்டார்கள். திங்கள் காலை இரண்டாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி தொட்டிமுன் நின்று, "சார், இது அந்த மீன் இல்லை. அதுக்கு வால்ல வெட்டு இருந்துச்சு" என்றாள். அதே மீன்தான் என்று அவளிடம் சொன்னார்கள். அவள் ஒன்றும் பேசாமல் வகுப்புக்குப் போனாள். உற்றுநோக்குதல் அறிவியல் செயற்பாங்குத் திறன்களில் முதலாவது என்று நாம்தானே கற்பிக்கிறோம்? உற்றுநோக்கிய பிள்ளையிடம் பொய் சொல்வதற்காகவா அறிவியல் மூலையில் தொட்டி வைத்தோம்?

தொட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டடித் தொட்டிதான் உண்டு என்றால் ஐந்தாறு கப்பி மீன்களை விடுங்கள். அம்மோனியா, நைட்ரைட் சோதனைத் துளிமருந்து ஒரு பெட்டி வாங்குங்கள். வாரம் ஒருமுறை மாணாக்கரே சோதித்து அட்டவணையில் குறிக்கட்டும். இரண்டும் சுழியத்தில் நிற்கவேண்டும். அன்பளிப்பாகப் பெருமீன் கொண்டுவரும் பெற்றோரிடம், நான்கடித் தொட்டியும் தருவீர்களா என்று பணிவாகக் கேளுங்கள். தரமாட்டார் என்றால் படமெடுக்காமல் நன்றி மட்டும் கூறி அனுப்புங்கள்.

ஏற்கெனவே பெருமீன் வைத்திருப்போர், வரும் விடுமுறைக்குமுன் அந்த விசையின்மேல் "அணைக்காதீர்" என்று ஒட்டிவிடுங்கள். அதற்கு வழியில்லை என்றால், பெரிய தொட்டி உள்ளவர் ஒருவரை இப்போதே தேடி மீனைக் கொடுத்துவிடுங்கள், ஆற்றில் விடவேண்டாம். கொண்டுபோக வாளி இல்லையென்றால் எனக்குச் சொல்லுங்கள், மூடியோடு என்னிடம் இரண்டு இருக்கின்றன. பஞ்சையும் மீனோடு சேர்த்தே கொடுத்தனுப்புங்கள், கழுவாமல்.