கொஞ்சம் ஆறட்டும்



விடியற்காலையில் சிங்காரப்பேட்டை வழியாகப் போயிருக்கிறீர்களா? கிருஷ்ணகிரி - திருவண்ணாமலை சாலையில், நைட் ஷிப்ட் முடித்தவர்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக டீக்கடைக்குத்தான் போவார்கள். மாஸ்டர் கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு ஆற்று ஆற்றி, நுரை பொங்க கிளாஸை நீட்டுவார்.

அங்கே டீயும் ஆறுகிறது, ஆளும் ஆறுகிறார். நமக்குப் பசியும் ஆறும், புண்ணும் ஆறும், கோபமும் ஆறும். இளைப்பாறுவதிலும் இருப்பது அதே ஆறுதான்.

நம் கிருஷ்ணகிரி எல்லை மாவட்டம் என்பதால் நம் காதில் நாலு பாஷையும் விழும். கன்னடத்தில் 'தணிவு' என்றால் களைப்பு; அதை ஆற்றிக்கொள்ள அவர்களும் நம் 'ஆறு'வைத்தான் வைத்திருக்கிறார்கள். 'சுதாரிசிகொள்ளி' என்றும் சொல்வார்கள். நாம் தடுமாறியவரைச் சுதாரிக்கச் சொல்வோம். அவர்கள் களைத்தவரைச் சுதாரிக்கச் சொல்கிறார்கள். தெலுங்கில் 'சேத தீர்ச்சுகோண்டி'. உருதுக்காரர் 'தம் லே லோ' என்பார், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள் என்று. நம் பிள்ளைகளோ 'ஃப்ரெஷ் ஆகிட்டு வரேன்' என்று பாத்ரூமுக்குள் போய்விடுகிறார்கள்!

சரி, இத்தனை வார்த்தைகளையும் வீட்டில் யாரிடம் சொல்கிறோம்?

ஐந்து மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் எழுதிவிட்டது. வீட்டுக்கு அப்படி ஒரு சட்டம் ஏது? மகன் நைட் ஷிப்ட் முடித்து வந்தால், 'பாவம், தூங்கட்டும்' என்று டிவி சத்தத்தைக் குறைக்கிறோம். அதே ஓசூர், அதே போச்சம்பள்ளி சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து மருமகள் வந்தால்? செருப்பைக் கழற்றும்போதே குழாயில் தண்ணீர் வருகிறது என்கிறோம். பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். இட்லி மாவு அவளுக்காகவே காத்திருக்கிறது. அவளும் எட்டு மணி நேரம் கண் விழித்தவள்தானே?

இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. பழக்கதோஷம், அவ்வளவுதான். மாமியாரும் அந்தக் காலத்தில் களத்துமேட்டிலிருந்து நேராக அடுப்படிக்கு வந்தவர்தான். அவரையும் யாரும் உட்காரச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நாளைக் காலை மருமகள் வந்ததும் ஒரு டம்ளர் டீ போட்டுக் கொடுங்கள். அரை மணி நேரம் எதுவும் கேட்காதீர்கள். டிபன் பாக்ஸை அப்பா கட்டினாலும் பிள்ளை சாப்பிடும்.

இளைப்பாறுவதற்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள். யாரிடம் சொல்வீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்