அடாப்டர் என்னும் சொல் மறைப்பது

நோயெதிர்ப்பியல் தேர்வில் 'மைடி-88 புரதத்தின் பணி யாது?' என்று ஒரு வினா வருகிறது. 'ஏற்பியைக் கைனேஸ் நொதியுடன் இணைக்கும் அடாப்டர்' என்று ஒரு வரி எழுதும் மாணவர் முழு மதிப்பெண் பெறுகிறார். விடையில் பிழை இல்லை. ஆனால் அந்தப் புரதத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றுள் மிகச் சிறிய பகுதியே அதில் இருக்கிறது. மீதியை ஒருவரும் கேட்காதபடி செய்துவிடுவது 'அடாப்டர்' என்ற சொல்தான்.

பாடநூல்களின் வரையறையை எடுத்துக்கொள்வோம். தனக்கென நொதிச் செயல்பாடு இல்லாததும், பிற புரதங்களை அருகருகே கொண்டுவருவதும் அடாப்டர் புரதம் எனப்படுகிறது. வரையறையின் முதற்பாதி இன்மையில் தொடங்குகிறது. சொல்லோ செல்பேசியின் மின்னூட்டியை நினைவூட்டுகிறது. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் கருவிக்கு ஏற்றவாறு மாற்றிக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. எதைச் செய்வது என்று அது முடிவெடுப்பதில்லை. இந்தப் படிமத்தோடு உயிரணுவுக்குள் நுழைபவர்கள் ஏற்பியை வாயாகவும் கைனேஸைக் கையாகவும் காண்கிறார்கள். இடையில் நிற்கும் புரதம் வெறும் கம்பியாகிவிடுகிறது.

தமிழ் இலக்கணம் இந்தத் தவறைச் செய்யவில்லை. இடைச்சொற்கள் பெயரையும் வினையையும் சார்ந்தே வரும் என்பதை ஏற்றுக்கொண்ட தொல்காப்பியம், அவற்றுக்கென 'இடையியல்' என்று தனி இயலே வகுத்தது. வேற்றுமை உருபுகளும் இடைச்சொற்களே. 'மரத்தை' என்றாலும் 'மரத்தில்' என்றாலும் பெயர் ஒன்றுதான். மரம் வெட்டப்படுகிறதா, அதில் பறவை அமர்ந்திருக்கிறதா என்பதை உருபு சொல்கிறது.

டி.எல்.ஆர்.4 ஏற்பியிடம் நடப்பதும் இதை ஒத்ததே. பாக்டீரியாவின் வெளியுறையிலுள்ள லிப்போபாலிசாக்கரைடை அது அறிகிறது. உயிரணுவின் மேற்சவ்வில் இருக்கும்போது டைராப், மைடி-88 என்னும் அடாப்டர்கள் வழியாக அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் சுரக்க வழிசெய்கிறது. அதே ஏற்பி உள்ளிழுக்கப்பட்டு எண்டோசோமை அடைந்ததும் டிராம், டிரிஃப் என்னும் அடாப்டர்கள் வந்து சேர்கின்றன. அப்போது முதல்வகை இன்டர்ஃபெரான் உண்டாகிறது. ஏற்பியும் ஒன்று, அது அறியும் மூலக்கூறும் ஒன்று. பொருளை மாற்றுவது இடமும் அவ்விடத்துக்குரிய அடாப்டருமே.

எண்ணிக்கையிலும் பொருள் உண்டு. 2010இல் வெளியான படிகக் கட்டமைப்பு, ஆறு மைடி-88, நான்கு ஐராக்-4, நான்கு ஐராக்-2 மூலக்கூறுகளின் இறப்புக் களங்கள் சுருளாக அடுக்கப்பட்டிருப்பதைக் காட்டியது. கைனேஸ்கள் ஒன்றையொன்று செயலூக்கம் செய்யும் அளவுக்கு நெருங்குவது இந்தக் கூட்டத்தில்தான். நொதித்திறன் கைனேஸினுடையது, அது எப்போது, எங்கே வெளிப்பட வேண்டும் என்பதோ இந்தக் கட்டுமானத்தைப் பொறுத்தது.

'கம்பி' அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு மனிதச் சான்றே இருக்கிறது. மைடி-88 குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளைப் பற்றி 2008இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நிமோகாக்கஸ் போன்ற சீழ் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் அவர்களின் உயிருக்கே ஆபத்தாயின. பிற நுண்ணுயிரிகள் பலவற்றை அவர்களது உடல் இயல்பாகவே எதிர்த்தது. கம்பி தானே பேசினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. அதே புரதத்தின் 265ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதிலாகப் புரோலின் அமைந்தால், தூண்டல் இல்லாமலேயே கூட்டம் சேர்கிறது. வால்டன்ஸ்ட்ரோம் மேக்ரோகுளோபுலினீமியா என்னும் இரத்தப் புற்றுநோய் கொண்டவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேரிடம் இந்த ஒற்றை மாற்றம் இருப்பது 2012இல் தெரியவந்தது.

'பெயர் வெறும் பெயர்தானே, ஆய்வாளர்களுக்கு உண்மை தெரியும்' என்பார்கள். ஸ்டிங் புரதத்தின் கதையை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். 2008இல் அறிமுகமானபோது அது அடாப்டர் என்ற வரிசையில் வைக்கப்பட்டது. பாக்டீரியாவின் வளைய இருநியூக்ளியோடைடை அது நேரடியாகவே பற்றுகிறது, அதாவது அதுவே ஓர் உணர்வி என்று 2011இல் காட்டப்பட்டது. 2005இல் நான்கு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்து நான்கு பெயர் சூட்டிய இன்னொரு புரதமும் உண்டு. அப்பெயர்களில் இரண்டு 'அடாப்டர்' என்ற சொல்லைச் சுமந்தன. நிலைத்தது மாவ்ஸ் என்ற பெயர். அது புரதம் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவையும், அது செய்யும் வைரஸ் எதிர்ப்பையும் சொல்கிறது. ஹெபடைட்டிஸ்-சி வைரஸுக்குப் பெயர்ச் சிக்கல் எதுவும் இருக்கவில்லை. தன் புரோட்டியேஸ் நொதியால் மாவ்ஸை வெட்டி, மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து பிரித்து, இன்டர்ஃபெரான் வழியை அது அடைத்துவிடுகிறது. பாடநூல் துணைப்பாத்திரமாக வைத்த புரதத்தை வைரஸ் குறிவைக்கிறது.

நொதிகளில் மருந்து பொருந்த ஒரு குழி இருக்கிறது, அடாப்டர்களின் தட்டையான பரப்பில் அது அரிது, ஆகவேதான் கவனம் நொதிகள் மீது குவிகிறது என்பது வலுவான வாதம். வால்டன்ஸ்ட்ரோம் நோய்க்குத் தரப்படும் இப்ருட்டினிப் கூட மைடி-88ஐத் தொடுவதில்லை. அதற்குக் கீழேயுள்ள பி.டி.கே. என்னும் கைனேஸையே தடுக்கிறது. ஆனால் இந்த இடர்ப்பாடு நம் கருவிகளின் எல்லையைச் சொல்கிறது. புரதத்தின் தகுதியைச் சொல்வதில்லை. மருந்து செய்ய எளிதானதே உயிரணுவுக்கும் முதன்மையானது என்று வகுப்பறை கற்பிக்கத் தேவையில்லை.

சொல்லை ஒரே நாளில் மாற்ற முடியாது. வினாவை மாற்றலாம். 'எதை எதனுடன் இணைக்கிறது?' என்பதோடு நிறுத்தாமல், 'எந்த இடத்தில், எத்தனை மூலக்கூறுகள் கூடினால், எது தொடங்குகிறது? கூடாவிட்டால் யாருக்கு எந்த நோய் வரும்?' என்றும் வினாத்தாள் கேட்கட்டும். தமிழில் பாடநூல் எழுதுவோரும் 'இணைப்பி' என்று பெயர்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போகாமல், அந்த இணைப்பு எதை முடிவு செய்கிறது என்பதற்கு ஒரு பத்தியேனும் ஒதுக்கட்டும். இடைச்சொல்லுக்கு ஓர் இயலையே ஒதுக்கிய மொழிக்கு அது பெரிய செலவாகாது.