சுபாவம் குற்றமல்ல



"அவன் பிறவியிலேயே ரோஷக்காரன்", "இவள் எதற்கெடுத்தாலும் கண்ணைக் கசக்குபவள்", "தம்போய்க்கு அனுப்ப வேண்டிய ஆள்" என்பவை நம் லயங்களில் நாள்தோறும் காதில் விழும் பேச்சுகள். தம்போய் மனநல மருத்துவமனை பெர்மாய் என்று பெயர் மாறிவிட்டது. நம் நாக்குதான் மாறவில்லை.

சுபாவத்துக்கும் மனநோய்க்கும் தொடர்பே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. எளிதில் கலங்குபவர், சட்டென்று சினப்பவர், பட்ட அவமானத்தையே நினைத்து நினைத்துப் புழுங்குபவர், துயரை வெளியே சொல்லாமல் விழுங்குபவர் ஆகியோரை மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாகப் பற்றுகின்றன என்பது மனநூல் வல்லுநர் ஆராய்ந்து கண்ட முடிவு. ஆனால் ஆபத்து அதிகம் என்பது வேறு. தலைவிதி என்பது வேறு. ரப்பர் மரத்தடியில் குவிந்த சருகு தானாகப் பற்றுவதில்லை. யாரோ நெருப்பை எறிய வேண்டும்.

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்வோம். பால் நிறுக்கும் இடத்தில் ஒரு தோழருக்கும் மண்டோருக்கும் வாக்குவாதம். எல்லோர் முன்னிலையிலும் அவர் வசை கேட்டார். மறுநாள் பெரட்டுக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. "முன்கோபி, தானாக வருவார்" என்றார்கள். நாமும் செக்ரோலில் "வரவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போனோம். நான்காம் நாள் அவர் மனைவி ஆபீசு வாசலில் வந்து அழுத பிறகே கமிட்டித் தோழர்கள் வீட்டுக்குச் சென்றனர். அரசாங்கக் கிளினிக்கில் சிகிச்சை பெற்று அவர் தேறினார். அந்த மூன்று நாளும் அவர் கதவை ஒருவரும் தட்டவில்லை என்பதுதான் நம்மை உறுத்துகிறது.

எல்லாம் சுபாவத்தால் வந்தது என்பவர்கள் இலங்கையைப் பார்க்கட்டும். 1995-இல் உலகிலேயே தற்கொலை மிகுந்த நாடுகளில் அதுவும் ஒன்று. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அரசு தடுத்தது. பத்தாண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறக்குறையப் பாதியாயிற்று. பத்தாண்டில் ஒரு நாட்டு மக்களின் சுபாவமா மாறிவிடும்? ஆத்திரம் பொங்கிய வேளையில் விஷம் கைக்கெட்டவில்லை; அந்த வேளை கடந்தது; உயிர் தங்கியது. நம் நாட்டிலும் தோட்டத்தார் நன்கறிந்த பாராகுவாட் களைக்கொல்லி 2020-இல் தடைசெய்யப்பட்டது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிற்று. துன்பத்தில் தவிப்பவன் குற்றவாளி அல்லன் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது. நாம் ஒப்புக்கொள்வது எப்போது?

நிர்வாகத்தாரைக் கேட்கிறோம்: மருந்து ஸ்டோர் எப்போதும் பூட்டியிருக்கட்டும். கண்டிக்க வேண்டியிருந்தால் தனியே அழைத்துக் கண்டியுங்கள். மனநோய்க்குக் கிளினிக் செல்பவருக்கும் காய்ச்சல்காரருக்குக் கொடுப்பதுபோல் விடுப்புக் கொடுங்கள்.

தோழர்களைக் கேட்கிறோம்: ரோஷக்காரரைச் சீண்டி வேடிக்கை பார்க்காதீர். பேசாதவரைப் பேச வையுங்கள். வாய்விட்டுச் சொல்ல ஆளில்லாதவருக்குச் சுகாதார அமைச்சின் 15555 என்ற தொலைபேசி எண்ணைச் சொல்லுங்கள்.

செக்ரோல் எழுதும் நாமும் உறுதி கூறுகிறோம்: இனி ஒரு தோழரின் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று எழுதினால், அன்று மாலையே அவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம்.