காய் கனிந்த கதை

ஒரு கலைப்படைப்பு முற்றுப்பெற்ற பின்னரே அதனை மதிப்பிடல் வேண்டும் என்பது விமர்சனத்தின் பொதுவிதி. ஆயின், ஆண்டுக்கணக்கில் வாரந்தோறும் வெளிவரும் தொலைக்காட்சித் தொடருக்கு இவ்விதியைக் கைக்கொள்ளல் எளிதன்று. அஃது எழுதப்படும்போதே பார்க்கப்படுகின்றது. பார்க்கப்படும்போதே தீர்ப்புக்கும் ஆளாகின்றது. முதல் ஐந்தாறு கதைகளைக் கண்டதும் ‘இது தேறாது’ என்று ஒதுக்குவோர் ஒரு சாரார். குறைகளைக் கண்டும் காணாதவர்போல் போற்றுவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் இழப்பது யாது என்பதை ஓர் உதாரணங்கொண்டு நோக்குவோம்.

ஜீன் ரொடன்பெரி என்பார் படைத்த ‘ஸ்டார் ட்ரெக்’ என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடர் 1966 முதல் 1969 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பாயிற்று. அதன் வழித்தோன்றலாக 1987 செப்ரெம்பரில் தொடங்கியது ‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’. 24ஆம் நூற்றாண்டிலே விண்மீன்களிடையே உலவும் ‘என்டர்பிரைஸ்’ என்ற கப்பலும் அதன் தலைவன் பிக்கார்டும் அவன் தோழர்களுமே கதைக்குப் பொருள். ஏழாண்டுகள் நடந்து, 178 பகுதிகளுடன் 1994 மே மாதம் இத்தொடர் நிறைவெய்தியது. இன்று இதனைத் தொலைக்காட்சியின் அரிய சாதனைகளுள் ஒன்றாகப் பலர் போற்றுவர். ஆனால் முதலிரண்டு ஆண்டுகளை மட்டும் கண்டவர்க்கு அம்மதிப்பீடு வியப்பையே தரும்.

அவ்வாண்டுகளின் குறைகளை மூடிமறைப்பதற்கில்லை. பாத்திரங்களின் பேச்சு உரையாடலாக அமையாது உபதேசமாக ஒலித்தது. வருங்கால மனிதர் தம்முள் முரண்படார் என்பது ரொடன்பெரி வகுத்த விதி. இலட்சியம் உயர்ந்ததே, ஆயின் முரண்பாடு இல்லாத இடத்தில் நாடகம் ஏது? எழுத்தாளர் ஒருவர்பின் ஒருவராக விலகினர். 1987 ஒக்டோபரில் வெளியான ‘கோட் ஒஃப் ஹானர்’ என்ற கதையிலோ, கறுப்பின நடிகர்களைக் கொண்டே அமைக்கப்பட்ட ஓர் அயற்கிரகத்தவர், கப்பலின் பாதுகாப்பதிகாரியான தாஷா யார் என்னும் வெள்ளைப் பெண்ணைக் கவர்ந்து செல்கின்றனர். குடியேற்றவாத காலத்துக் கட்டுக்கதைகளின் எச்சமே அது. அத்தொடரின் நடிகர்களே பின்னாளில் அதனை வெளிப்படையாகக் கண்டித்துள்ளனர். முதலாண்டு முடியுமுன் நடிகை விலகிக்கொள்ள, தாஷா யார் என்ற பாத்திரமும் தார்க்குழம்பு போன்றதொரு பூதத்தின் கையில் பொருளற்ற முறையில் மாண்டது. 1988இல் நிகழ்ந்த எழுத்தாளர் வேலைநிறுத்தம் இரண்டாம் ஆண்டை 22 பகுதிகளாகக் குறுக்கிற்று. அவ்வாண்டின் இறுதிக் கதையோ பழைய காட்சிகளை ஒட்டித் தைத்த கந்தையாகவே அமைந்தது.

எனினும் அக்குறைகளுக்கிடையே முளையொன்று தென்பட்டது. 1989 பெப்ரவரியில் வெளியான ‘த மெஷர் ஒஃப் எ மேன்’ என்ற கதையை எழுதியவர் மெலிண்டா ஸ்னோட்கிராஸ். சட்டத்தொழில் புரிந்து பின்னர் எழுத்துத்துறைக்கு வந்தவர் அவர். இயந்திர மனிதனாகிய டேட்டாவைப் பிரித்துப்பார்த்து ஆராய ஒரு விஞ்ஞானி விரும்புகின்றான். டேட்டா உடைமையா, உரிமையுடைய ஓர் உயிரா என்பது வழக்காகின்றது. அவனுக்கெதிராக வாதாடும் கடமை அவன் நண்பனாகிய ரைக்கர்மீதே சுமத்தப்படுகின்றது. தளர்ந்துபோன பிக்கார்டுக்கு இவ்வழக்கின் உட்பொருளை உணர்த்துபவள் கினன். இப்பாத்திரத்தை ஏற்றவர் கறுப்பின நடிகையாகிய வூபி கோல்ட்பேர்க். டேட்டாவைப் போன்ற ஆயிரம்பேர் ஆக்கப்பட்டால் அவர்கள் யாராவர் என்ற வினாவை எழுப்பி, அடிமை முறையின் நினைவை நோக்கி அவள் பேச்சை மெல்ல நகர்த்துகின்றாள். பதினாறு திங்களுக்கு முன் கறுப்பின மக்களை இழிவுறச் சித்திரித்த அதே தொடர், மனிதரை உடைமையாக்கிய வரலாற்றைத் தன் மனச்சாட்சியின் நடுவில் வைத்து வினவுகின்றது. முன்னைய கதையைக் கண்டிராதவர்க்கு இப்பின்னைய கதை ஒரு நல்ல கதை. கண்டவர்க்கோ அது தவறான பாதையில் சென்ற ஒரு படைப்பு தன் திசையைத் திருத்திக்கொண்ட தருணம்.

மூன்றாம் ஆண்டில் மைக்கல் பில்லர் என்பார் எழுத்தாளர் குழுவின் தலைமையை ஏற்றார். அதன்பின் நிகழ்ந்த மாற்றங்கள் இரண்டு. வாரத்துக்கொரு விந்தையைக் காட்டுவதினும், அவ்விந்தை கப்பலிலுள்ள ஒருவரின் உள்ளத்தை எவ்வாறு தொடுகின்றது என்பதே கதைக்கு முதன்மையாயிற்று. அறிமுகமற்ற எழுத்தாளரின் பிரதிகளுக்கும் கதவு திறக்கப்பட்டது. படப்பிடிப்புத் தளத்தைப் பார்வையிடச் சென்றபோது ஓர் இளைஞர் கையளித்த பிரதியே 1989 ஒக்டோபரில் ‘த பொன்டிங்’ என்ற கதையாக வெளிவந்தது. அவ்விளைஞர் றொனால்ட் மூர். தொடரின் இறுதிக் கதையை எழுதிய இருவருள் ஒருவராக அவர் உயர்ந்தார்.

1990 பெப்ரவரியில் வெளியான ‘யெஸ்ரடேய்ஸ் என்டர்பிரைஸ்’ என்ற கதை இன்னும் ஒருபடி மேற்சென்றது. காலம் தடம்புரண்ட வேறோர் உலகில் தாஷா யார் உயிருடன் தோன்றுகின்றாள். மெய்யான உலகில் தான் பொருளற்ற சாவைத் தழுவியவள் என்பதை அவள் அறிகின்றாள். அறிந்ததும், பலரைக் காக்கும் பொருட்டு மடிவதற்கெனப் புறப்படும் கப்பலில் தானும் செல்ல விழைகின்றாள். முதலாண்டின் அவசரமும் அசிரத்தையும் விளைத்த பிழை, இங்கே ஒரு பெண்ணின் துயரமாகவும் தெரிவாகவும் மாறுகின்றது. தன் பிழையை மறைக்காது அதனையே கதைப்பொருளாக்கும் துணிவைப் பெற்ற படைப்பு முதிர்ந்துவிட்டது என்றே கொள்ளல் வேண்டும்.

அதே ஆண்டு ஒக்டோபரில் வெளியான ‘ஃபேமிலி’ என்ற கதையும் கருதத்தக்கது. பகைவரால் சிறைப்பட்டு, அவர்தம் கருவியாக்கப்பட்டு மீண்ட பிக்கார்ட், பிரான்சிலுள்ள தன் தமையனின் திராட்சைத் தோட்டத்துக்குச் செல்கின்றான். அங்கே சகோதரர் இருவரும் சேற்றில் புரண்டு சண்டையிட்டு, பின்னர் அவன் குழந்தைபோல் அழுகின்றான். மூன்றாண்டுகள் உணர்ச்சியை அடக்கிக் கம்பீரமாக நின்றவனைக் கண்டிருந்தாலன்றி இவ்வழுகையின் கனம் புலப்படாது.

ஏழாண்டிலும் குறை நீங்கிற்று என்று கூறுவார் உளராயின் அதுவும் உண்மையன்று. டியானா ட்ரோய் என்ற பெண் பாத்திரத்துக்கு நெடுங்காலம் தக்க வேலை அளிக்கப்படவில்லை. இறுதியாண்டிலும் சோர்ந்த கதைகள் பல. ஆயினும் 1992 யூன் மாதம் வெளியாகி, அடுத்த ஆண்டு ஹியூகோ விருது பெற்ற ‘த இன்னர் லைட்’ போன்றதொரு கதையை முதலாண்டின் எழுத்தாளர் குழு எண்ணியும் பார்த்திருக்க முடியாது.

“நல்ல கதைகளைக் காண்பதற்காக நாற்பதுக்கு மேற்பட்ட அரைகுறைக் கதைகளைச் சகிப்பதா?” என்று வினவுவார் உண்டு. நியாயமான வினாவே. எல்லாத் தொடரையும் எல்லாரும் இறுதிவரை பார்த்தல் வேண்டும் என்பது நம் வாதமன்று. காலம் ஒன்றே எல்லாக் காய்களையும் கனிவிப்பதில்லை. மரத்திலேயே வெம்பி உதிர்பவையும் உண்டு. வெம்புவதையும் கனிவதையும் பிரித்தறிய ஓர் உரைகல் உளது: தன் குறையை அப்படைப்பு உணர்ந்துள்ளதா என்பதே அது. உணர்ந்ததற்கான அடையாளம் தென்படின் பொறுத்தல் தகும். தென்படாவிடின் விலகுவதில் இழுக்கில்லை.

இன்னோர் உண்மையும் கருதற்பாலது. இத்தொடர் பெரிய ஒளிபரப்பு நிறுவனம் எதன் தயவிலும் தங்கியிராது, ஊர்தோறுமிருந்த நிலையங்களுக்கு நேரடியாக விற்கப்பட்டது. பார்வையாளரும் கைவிடவில்லை. ஆதலால் தவறவும் திருந்தவும் அதற்கு அவகாசம் கிடைத்தது. இன்று இணையவழி வெளிவரும் தொடர்கள் பல, எட்டோ பத்தோ பகுதிகளுடன் முதலாண்டிலேயே நிறுத்தப்படுகின்றன. அவ்வாறு நின்றவற்றுள் எத்தனை மூன்றாம் ஆண்டில் முதிர்ந்திருக்கும் என்பதை எவரே கூறவல்லார்?

ஆசிரியர்களும் பத்திரிகை ஆசிரியர்களும் விமர்சகர்களும் இவ்வினாவைத் தமக்குரியதாகவும் கொள்ளல் நன்று. குறையைக் குறையென்று தயங்காது கூறுதல் அவர்தம் கடமை. அக்கடமையில் விட்டுக்கொடுப்பு வேண்டியதில்லை. ஆனால் குறையைச் சுட்டுவது வேறு, கதவைச் சாத்துவது வேறு. முன்பின் அறியாத இளைஞர் ஒருவரின் பிரதியைப் பில்லர் எடுத்துப் படித்திராவிடின், அத்தொடரின் சிறந்த ஆண்டுகள் இவ்வளவு சிறந்திரா.